சுவருக்கு ஒரு கீறல் இல்லாமல்

இல்லை அக்கா, ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். இந்த ரோட்டில் நான் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன். வெளிச்சம் இருக்கிறது, பஸ் நிறைய ஆள் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. ஆனாலும் தேயிலைக்கு நடுவில் கறுப்பாக ஒரு பாறை தெரிந்தால் போதும், நான் சீட்டை விட்டு எழுந்துவிடுவேன். போன மாதம் இப்படித்தான், வளைவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஜல்லிக் குவியலைப் பார்த்துக் கத்திவிட்டேன். டிரைவர் பிரேக்கை மிதித்து, நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுந்து, ஒரு பெரியம்மாவின் முட்டைத் தட்டு உடைந்துபோனது. "ஜல்லிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் காலேஜ்ல படிச்சியா?" என்று கூடலூர் வரும்வரை அந்த அம்மா என்னை விடவில்லை.

நீங்க கோயமுத்தூரா? மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புறீங்களா? நானும் அங்கேதான். நாளைக்குக் காலையில் வேலையில் சேர வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ். பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான்தான். பெயர் தமயந்தி. ஊர் நெல்லிமட்டம், பந்தலூருக்கு அந்தப் பக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துபோனதிலிருந்து வீட்டில்தான். எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டும்.

வேலை எப்போதோ கிடைத்துவிட்டது. நான்தான் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆபீசில் சொன்ன காரணம் வேறு, வீட்டில் சொன்ன காரணம் வேறு. வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: கொல்லையில் அந்த மரம் நிற்கிற வரைக்கும் நான் எங்கேயும் போக மாட்டேன்.

பலா மரம் அக்கா. சிரிக்காதீங்க. பலாமரத்தைப் பார்த்தா பயம் என்று நீங்களும் கேட்காதீங்க, இதோடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். மரத்தைப் பார்த்துப் பயமில்லை. மரத்தைத் தேடி வருகிறவரைப் பார்த்துத்தான்.

பெரியவர். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யானை என்று... பாருங்க, சொல்ல வைத்துவிட்டீங்க. பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி என்பாள் அம்மா. எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, படித்திருக்கிறேன் இல்லையா. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீடு எப்படி என்றால், சரிவில் மண்ணை வெட்டி எடுத்துக் கட்டின வீடு. ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட். பின்னால் அடுப்படி. அடுப்படிச் சுவரிலிருந்து இரண்டு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தப் பலா. அதற்குப் பின்னால் தேயிலை, அதற்கும் பின்னால் காடு. எங்கள் வீட்டுக்கு வண்டி வராது. ரோட்டில் இறக்கிப் போட்ட பிளாக் கல்லை ஒவ்வொன்றாக அம்மாதான் தலையில் சுமந்து மேலே ஏற்றினாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, சாயங்காலம் கல் சுமப்பாள். அதனால் அந்தச் சுவர் என்றால் எனக்கு... எப்படிச் சொல்வது, யாராவது அதில் ஆணி அடித்தால்கூட எனக்கு வலிக்கும்.

பலாவுக்குக் காய் கிளையில் மட்டும் வராது. அடிமரத்திலேயே, தரையை ஒட்டியே காய்க்கும். எங்கள் மரம் பிசாசு மாதிரிக் காய்க்கும். அது பழுக்கிற மழைக்காலத்தில் ஊரில் எவன் வீட்டில் என்ன பழுத்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவருக்குத் தெரிந்துவிடும். காட்டுக்குள் இருந்தே வாசனை பிடித்துவிடுவார் என்று ஃபாரஸ்ட் வாட்சர் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் வந்து, "பிஞ்சுலயே பறிச்சுப் போடுங்கம்மா, பழுக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எட்டுகிற வரைக்கும் பறிப்போம். உச்சியில் இருப்பது எட்டாது. அதில் ஒன்று பழுத்தால் போதுமே.

போன வருஷம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

விளக்கு வைக்கிற நேரம். கரண்டு இல்லை. அப்பா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முட்டிக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அம்மா சாதம் வடிக்கிறாள். நான் வாசலில் நின்று போனுக்கு டவர் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மா வடிதட்டைக் கீழே வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற சத்தம். மாடு மூச்சுவிடுகிற மாதிரி இல்லை அக்கா. லாரி டயரில் காற்றுப் போகுமே, அந்த மாதிரி. அப்புறம் பழத்தைப் பிய்க்கிற சத்தம். மெல்லுகிற சத்தம். மெதுவாக, ரசித்து.

சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. முதுகு அரித்ததோ என்னவோ, எங்கள் சுவரில் ஒரு தேய் தேய்த்தார். பலகையில் இருந்த பாத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாக விழுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் கோடு போட்ட மாதிரிச் சுவர் விண்டது. அந்தச் சுவரில்தான் அப்பா சாய்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அப்பா, நடுவில் ஒரு பிளாக் கல். அப்பாவால் எழுந்திருக்க முடியாது. இழுத்தால் சத்தம் வரும். அம்மா அப்பாவின் வாயைப் பொத்தினாள். நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பாவின் தலைமுடியில் சிமென்ட் தூள் விழுந்துகொண்டே இருந்தது.

போய்விட்டார். அவருக்கு எங்கள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. வந்தார், தின்றார், சொறிந்தார், போனார். அதுதான் எனக்குப் பயம். கோபம் என்றால்கூட ஏதாவது செய்து தணிக்கலாம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விண்ட சுவரை அப்பா உட்கார்ந்தபடியே பூசினார். பழம் பழுக்கிற காலம் வந்தால் பொழுது சாய்வதற்கு முன் மூன்று பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிலோமினா அத்தை வீட்டுக்குப் போய்விடுவோம். அது கான்கிரீட் வீடு. அத்தை கதவைத் திறக்கும்போதே ஆரம்பிக்கும். "வாங்க, வாங்க, வாடகை இல்லாத லாட்ஜு. சோப்பு, சீப்பு எல்லாம் கொண்டாந்தீங்களா?" அம்மா சிரித்துவிடுவாள். எனக்குச் சிரிப்பு வராது. நான் கோயமுத்தூர் போய்விட்டால் முட்டி போன மனுஷனை யார் அந்தச் சரிவில் கைப்பிடித்துக் கூட்டிப் போவது? அம்மா ஒருத்தி எப்படி?

அதனால்தான் மரத்தை எடுத்துவிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காய்க்கிற மரம், பால் வடிகிற மரம், பாவம் என்றாள். அப்பா, "மரம் என்னம்மா பண்ணுச்சு? வர்றவர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். நானே அலைந்தேன். வி.ஏ.ஓ. ஆபீஸ், ரேஞ்ச் ஆபீஸ், திரும்பவும் வி.ஏ.ஓ. ஆபீஸ். அனுமதி வாங்கினேன். அதற்கப்புறம்தான் உண்மையான பயம் ஆரம்பித்தது.

ஏனென்றால் அந்த மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது அக்கா. அடியில் வெட்டினால் நேராக அடுப்படி மேலேதான் விழும். ஒரு பக்கம் எங்கள் கக்கூஸ், இன்னொரு பக்கம் அத்தையின் கோழிக்கூடு, மேலே கரண்டு கம்பி. யானைக்குப் பயந்து... பெரியவருக்குப் பயந்து மரத்தை வெட்டி, மரமே வீட்டை இடித்துவிட்டால்? அவர் செய்ய வந்ததை நானே செய்து வைத்த மாதிரி ஆகிவிடாதா? மரம் வெட்டுகிற வீடியோவாகப் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் மரம் ஒரு பக்கம் சாயும் என்பார்கள், இன்னொரு பக்கம் சாயும். கீழே கார் நிற்கும்.

மரம் வெட்டுகிறவர் குஞ்ஞுமோன் சேட்டன். தேவாலாக்காரர். பாதி மலையாளம், பாதி தமிழ், முக்கால்வாசி பெருமை. "ஞான் ஊட்டியில கலெக்டர் பங்களா மரம் வெட்டின ஆளாக்கும்" என்றார். கலெக்டர் பங்களாவில் எந்த மரம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கீழே என்ன இருந்தது என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, "சேட்டா, மோளுக்குப் போலீஸ்ல வேலையோ?" என்றார்.

கேட்கத்தானே வேண்டும் அக்கா? நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வீடு.

வெட்டுகிற நாளுக்கு முன்னால் நான் உட்கார்ந்து யோசித்து எல்லாவற்றுக்கும் வழி செய்தேன். அடுப்படிக்கு மேலே இருந்த ஷீட்டைக் கழற்றச் சொன்னேன், உடைந்தால் கிடைக்காது. மீதி ஷீட்டுக்கு மேலே சாக்கில் சருகு அடைத்துப் பரப்பினேன். எங்கள் மெத்தை, தலையணை, அப்பாவின் பழைய கம்பளி எல்லாம் மேலே போனது. கக்கூசுக்குப் பழைய டயர். எந்தக் கிளை எங்கே இறங்க வேண்டும் என்று கோலமாவு எடுத்துத் தரையில் கோடு போட்டு வைத்தேன். அரிசி மாவு. காலையில் எழுந்து பார்த்தால் அத்தையின் கோழிகள் அவ்வளவையும் கொத்தித் தின்றுவிட்டன.

"எம் புள்ளைங்களுக்குத் தீனி போட்டதுக்கு ரொம்ப நன்றிடி" என்கிறது அத்தை.

திரும்பவும் போட்டேன், இந்த முறை சுண்ணாம்பில். குஞ்ஞுமோன் சேட்டன் வந்து கோட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோளே, ஈ மரம் காலேஜில படிச்சதில்லா. கோடு பார்த்து விழாது."

அவருடைய மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அம்மாகூடச் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் கோட்டை அழிக்கவில்லை.

முதலில் காய்களை இறக்கினார்கள். அம்மா போட்ட நிபந்தனை அது. ஒரு காயும் கீழே விழுந்து உடையக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "இத்தனை வருஷமா அவருக்கே படியளந்தாச்சு. இந்தத் தடவையாவது எம் பொண்ணு நாலு சுளை திங்கட்டும்" என்று. கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக, குழந்தையைத் தொட்டிலில் இருந்து இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். எல்லாம் முற்றின காய். பழுக்கவில்லை. தட்டினால் இறுகின சத்தம்தான் வந்தது.

அப்புறம் கிளைகள். உச்சியில் ஒரு கவட்டையில் கயிற்றைப் போட்டு, வெட்டுகிற கிளையை அதில் கட்டி, மறுமுனையைத் தேயிலைக்குள் நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மச்சான் பிடித்துக்கொள்வார். சேட்டன் மேலே அறுப்பார். கிளை தொங்கும். மச்சான் மெல்ல மெல்ல விடுவார். கிளை ஆடாமல் இருக்கக் கீழே இன்னொரு கயிறு கட்டி ஒருத்தர் இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. அப்பா, "நான் நிக்கிறேன், கயிறுதானே" என்றார். சுவர் ஓரமாக நின்றார், சுவர் இருந்தால்தானே அவருக்குப் பிடிமானம்.

அடுப்படி மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளை. அதுதான் எனக்குக் கனவில் வந்துகொண்டிருந்த கிளை. முதல் நாள் மழையில் ஊறிக் கனத்துக் கிடந்தது. அறுத்து முடித்ததும் மடார் என்று ஒரு சத்தம். மச்சான் கையில் கயிறு வழுக்கிவிட்டது. கிளை அப்படியே ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு வருகிறது அக்கா, நேரே எங்கள் அடுப்படிச் சுவருக்கு. அம்மா தலையில் சுமந்து கட்டின சுவர். அப்பா பூசின சுவர். நான், "செவுரு! செவுரு!" என்று கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரிக் கத்தினேன்.

அப்பா இரண்டு கையையும் நீட்டி அதைத் தடுத்தார். எப்படி அவருக்கு அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. மச்சான் அதற்குள் கயிற்றை இறுக்கிவிட்டார். கிளை அப்படியே நின்றது, சுவருக்கும் அதற்கும் நடுவில் அப்பா மட்டும்தான் இருந்தார். அப்பாவுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்தது, மூச்சு விடும்போது நெஞ்சில் கொஞ்சம் வலி என்றார், அவ்வளவுதான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிலோமினா அத்தைக்கு எப்போதுமே குத்திப் பேசாவிட்டால் சோறு இறங்காது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பன் நடுவுல நிக்கிறான், இவ செவுத்துக்குக் கத்துறா" என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா நிற்பது எனக்குத் தெரியாதா? சுவர் என்று கத்தினால் அப்பாவும் நகர்வார்தானே? அவருக்காகத்தானே சுவரே. அத்தைக்கு அது புரியாது. "உன் வீட்டுப் பெரியவர எங்க வீட்டுப் பக்கம் திருப்பி விடாதடி, எனக்குப் பின்னால வாழைத்தாரு இருக்கு" என்று வேறு சொன்னது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வாழையை அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்டை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். கடைசித் துண்டைச் சரிவைப் பார்த்து இழுத்துத் தள்ளினார்கள். நம்ப மாட்டீங்க, நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே விழுந்தது. குஞ்ஞுமோன் சேட்டன் தலையைச் சொறிந்துகொண்டே, "மரம் ராத்திரி டியூசன் போயிருக்கு" என்றார்.

சேட்டன் போனதும் நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூலை முடுக்கில் எல்லாம் டார்ச் அடித்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். ஷீட்டில் தட்டிப் பார்த்தேன். கக்கூஸ் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை அக்கா. பூசின இடத்தில்கூட விரிசல் இல்லை. மரம் போனதில் கொல்லையில் வெளிச்சம் வந்துவிட்டது. அம்மா அந்த வெளிச்சத்தில் போய் நின்றாள். நான், "பாத்தியாம்மா, செவுரு அப்படியே இருக்கு" என்றேன். "ஆமா" என்றாள்.

அப்படியும் எனக்கு உடனே தைரியம் வரவில்லை. இந்த ஒரு வாரமும் ராத்திரி படுக்க அத்தை வீட்டுக்கேதான் போனோம். நாள் ஒன்றுக்கு நான்கு தடவை கொல்லையில் கால் தடம் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. அவர் இந்த வருஷம் எங்கள் பக்கமே வரவில்லை. தேவாலாப் பக்கம் சுற்றுகிறார் என்றார்கள். சரி, மரம் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இனிமே எதுக்கு அடுத்தவங்க வீட்டுல போய்ப் பேச்சு வாங்கணும்? இன்னைக்கு நம்ம வீட்டுலயே படுங்க. அடுப்படிக்குப் பக்கத்து ரூம்லயே படுங்க, அப்பாவுக்குக் குளிராது." அப்பாவின் பாயை நானே விரித்துவிட்டு வந்தேன். போன வருஷத்து மழைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவர்கள் சொந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கப்போகிறார்கள்.

இப்படி ஓரத்தில் உட்காருவது பழக்கத்தில் அக்கா. இப்போது பயம் எல்லாம் இல்லை. கோயமுத்தூர் வந்தால் சரியாகிவிடும்.

மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டது, இருட்டியும்விட்டது, காது அடைக்கிறது பாருங்க. பசிக்குதா? இருங்க, பையில் டப்பா இருக்கிறது. ஹாஸ்டலில் போய்ச் சாப்பிடு என்று அம்மா சுளை எடுத்துக் கொடுத்தாள். காலையில் ஒரு பழம் வெட்டினோம். எங்கள் மரத்துப் பழம்தான். எடுத்துக்குங்க. கொட்டையை இந்தப் பேப்பரில் போடுங்க. ஆமாம், தேன்தான். இத்தனை வருஷத்தில் நானே இதை வயிறு நிறையத் தின்றதில்லை. முன்னால் இருக்கிற அண்ணன்கூடத் திரும்பிப் பார்க்கிறார். அண்ணா, நீங்களும் எடுத்துக்குங்க. டப்பாவுக்கே இப்படி மணக்கிறதே, காலையில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கணும். எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்திருக்கிறது. வாசல் வரைக்கும் மணம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மீதியா? இருக்கிறது அக்கா, அடுத்த தடவை உங்களுக்கு ஒன்று கொண்டு வருகிறேன். முற்றின காயை வெளியில் எப்படி விடுவது? சேட்டனுக்கு இரண்டு கொடுத்தோம். மீதியை எல்லாம் நான்தான், சீக்கிரம் பழுக்கட்டும் என்று காம்பில் குச்சி அடித்து, அடுப்படிக்குப் பக்கத்து ரூமில் கட்டிலுக்குக் கீழே அடுக்கி, கோணி போட்டு மூடி வைத்தேன். அம்மா கொல்லையிலேயே கிடக்கட்டும் என்றாள். நான் விடவில்லை. வெளியில் கிடந்தால் வாசனைக்கு வந்துவிடுவாரே என்றுதான் உள்ளே...

என்ன அண்ணா? ஆமாம் கண்டக்டர் அண்ணா, பலாப்பழம்தான். என்ன? மூடி வைக்கணுமா? எதற்கு... யானை மோப்பம் பிடித்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துவிடுமா?

எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அக்கா.

அக்கா, நான் உள்ளே வைத்திருக்கிறேன்.

இல்லை, இருங்க. கோணி போட்டுத்தான் மூடியிருக்கிறேன். கதவு சாத்தியிருக்கும். ஜன்னல்... ஜன்னல் அப்பாவுக்குக் காற்று வேண்டும் என்று திறந்திருப்பார்கள். காலையிலேயே வாசல் வரைக்கும் மணந்தது. நான் அதை மூச்சு இழுத்து முகர்ந்தேன் அக்கா. நல்ல வாசம் என்று சொன்னேன். இன்னும் பழுத்திருக்கும். பாயை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் விரித்தேன். அடுப்படியிலிருந்து நீண்டு வருகிற அதே சுவர். அப்பா அதே சுவரில்தான் சாய்ந்து...

போன். போன் எங்கே? அப்பா நம்பர் போகாது, எங்கள் வீட்டுக்குள் டவர் கிடையாது, தண்ணி டேங்குக்கு ஏறினால்தான். அத்தை நம்பர். அத்தை எடுக்கும். அடிக்கிறது... அடிக்கிறது... டவர் கிடைக்கும் என்று கோழிக்கூட்டு மேலே போனை வைத்துவிட்டுப் போயிருக்கும், எப்போதும் அப்படித்தான். எடுங்க அத்தை. எடுங்க.

இப்போது டவரும் போய்விட்டது.

அண்ணா, வண்டியை நிறுத்துங்க. கண்டக்டர் அண்ணா, நான் இறங்கணும். இல்லை, வாந்தி இல்லை. இங்கேயே இறக்கி விடுங்க. ஏன் முடியாது? ஏதாவது கீழே போகிற வண்டியில் ஏறிக்கொள்கிறேன். சரி. சரி, நடுவட்டத்தில் இறக்கி விடுங்க. கட்டாயம் நிறுத்தணும் அண்ணா, மறந்துடாதீங்க. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வண்டி ஏதாவது வரும் இல்லையா? கூடலூரிலிருந்து ஜீப் பிடித்துக்கொள்கிறேன்.

தெரியும் அக்கா, நாளைக்குக் காலையில் சேர வேண்டும். இரண்டு முறை தள்ளி வைத்தார்கள், மூன்றாவது முறை வைக்க மாட்டார்கள். தெரியும். ஆனால் அம்மாவுக்கு யார் சொல்வது? நான் சொன்னால்தான் கேட்பாள். நான் சொல்லித்தானே அங்கே படுத்திருக்கிறார்கள். படித்த பிள்ளை சொல்லிவிட்டது, இனிமேல் வர மாட்டார் என்று நம்பிப் படுத்திருப்பார்கள். சத்தம் கேட்டால்கூட, மரம்தான் இல்லையே என்று அப்பா எழுந்திருக்க மாட்டார்.

எங்கே கொண்டுபோய்ப் போடுவது அக்கா? இருட்டில் போய் அத்தனை பழத்தையும் எங்கே போடுவேன்? கொல்லையில் போட்டால் எங்கள் சுவர். வேலிக்கு அந்தப் பக்கம் போட்டால் அத்தை. கீழே சரிவில் உருட்டினால் அங்கே எஸ்டேட் லைன் வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். இதை ஒரு தரம்கூட நான் யோசிக்கவில்லை. கிளை எங்கே விழணும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டேன்.

முதலில் அவர்களைக் கிளப்பணும். அதுதான். அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டாவது அத்தை வீட்டுக்கு. பழம் கிடக்கட்டும். சுவர் போனால் போகட்டும். சுவர் போகட்டும் அக்கா, எனக்கு அது வேண்டாம்.

நடுவட்டம் வருகிறது. அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்க. இல்லை, டப்பாவை வைத்துக்கொள்ளுங்க. மூடியை இறுக்கி மூடி உங்க மடியிலேயே வைத்துக்கொள்ளுங்க. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இருட்டில் ரோட்டில் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.